அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அந்தக் காலை: குடியாத்தம் வாசகிக்கு ஓர் இதய மருத்துவரின் பதில்

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு வயது 58. கைத்தறியில் லுங்கி நெய்பவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சை ஏதோ அழுத்துவதாகச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து முதுகை நீவிவிட்டோம். 6.30 மணிக்குத் தெருமுனைக் கிளினிக்கில் கேஸ் ஊசி போட்டார்கள், ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. வலி குறைந்த மாதிரி இருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிறகு வாந்தியும் வியர்வையும் அதிகமாகி, 10 மணிக்கு ஊரில் உள்ள மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். "இங்கேயே ஊசி போட்டுவிட்டு அனுப்புகிறோம்" என்றார் அங்கிருந்த டாக்டர். என் தாய்மாமன், "வேண்டாம், வேலூருக்கே கொண்டுபோய்விடலாம்" என்று காரில் ஏற்றிவிட்டார். 11.45க்கு வேலூரில் சேர்த்தோம். 12.50க்கு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது பம்பிங் 35 என்கிறார்கள். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கும் இதே குழாயில்தான் அடைப்பு. வலி வந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அவருக்கு ஊரிலேயே ஊசி போட்டு, மறுநாள் வேலூரில் ஆஞ்சியோ செய்தார்கள். அவருக்குப் பம்பிங் 55. மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மாமாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். மாமா செய்தது தவறா? நேரத்தோடு போயிருந்தால் அப்பா பழையபடி இருந்திருப்பாரா? இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் மணிக்கணக்கைக் குறித்து எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. மாரடைப்பு நோயாளியின் குடும்பத்தாரிடம் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால், "ராத்திரியிலிருந்தே சரியில்லை" என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்கிறேன். நீங்கள் தந்திருக்கும் நேரங்களை வைத்தே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியும். வலி தொடங்கிய 4 மணிக்கும் ரத்தக்குழாய் திறந்த 12.50 மணிக்கும் இடையே 8 மணி 50 நிமிடங்கள் கடந்திருக்கின்றன. அதில் இரண்டரை மணி நேரம் வீட்டில் போனது. கிளினிக்குக்குப் போனதிலிருந்து முதல் ஈ.சி.ஜி. எடுக்கும் வரை மூன்றரை மணி நேரம் போனது. வேலூருக்கு வந்து சேர 1 மணி 45 நிமிடம் ஆனது. வேலூர் மருத்துவமனைக்குள் ஆனது 65 நிமிடம். உங்கள் அம்மா கோபப்படுவது இந்த நான்கில் மூன்றாவது பகுதிக்காக. இழப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே, முதல் இரண்டு பகுதிகளிலேயே நடந்து முடிந்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் வெளிப்பரப்பின் மேல் ஓடுகின்றன. அங்கிருந்து கிளைகள் பிரிந்து தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உட்பக்கம் போகின்றன. குழாயின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, ஓட்டம் முழுதாக நின்றுபோவதுதான் உங்கள் அப்பாவுக்கு வந்த வகை மாரடைப்பு. நம் பக்கத்து ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதன் பிறகு நடப்பது எளிதாக விளங்கும். மதகை அடைத்தால் முதலில் காய்வது கடைமடை. அதுபோல் இதயச் சுவரின் உள்ளடுக்குதான் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், ஆகவே முதலில் சாவதும் அதுதான். அடைப்பு விழுந்த ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உள்ளடுக்கில் தசைச் செல்கள் திரும்பப் பிழைக்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்குகின்றன. அந்தச் சாவு அலைபோல உள்ளிருந்து வெளிநோக்கிப் பரவுகிறது. சுமார் 6 மணி நேரத்தில், அந்தக் குழாயை நம்பியிருந்த தசையின் பெரும்பகுதி முழுக் கனத்துக்கும் போய்விடுகிறது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் குழாயைக் கட்டி, வெவ்வேறு நேரங்களில் அவிழ்த்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் மாரடைப்புச் சிகிச்சையில் நாங்கள் படும் அவசரத்துக்கெல்லாம் அடிப்படை அந்தப் பரிசோதனைதான்.

பயிருக்கும் இதயத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காய்ந்த வயலில் மறு போகம் போடலாம். செத்த இதயத் தசை மறுபடி வளர்வதில்லை. அந்த இடத்தில் சுருங்கி விரிய முடியாத தழும்புதான் உண்டாகிறது. பம்பிங் என்று நாம் சொல்லும் எண், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. சாதாரண நிலையிலேயே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும், 100 அல்ல. ஆகவே அப்பாவின் 35ஐப் பார்த்து, இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கணக்குப் போட வேண்டாம்.

காலதாமதம் இழப்பை ஒரே சீராகக் கூட்டுவதில்லை. முதல் சில மணி நேரத்தில்தான் செங்குத்தாகக் கூட்டுகிறது. இது மிக முக்கியமானது. 1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற உறைவு கரைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி கிடைத்தவர்களிடம் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 3 மணி நேரத்துக்குள் கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 23 விழுக்காடும், 3 முதல் 6 மணி நேரத்துக்குள் கிடைத்தவர்களிடம் 17 விழுக்காடும் குறைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1996இல், இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் மணி நேரத்தில் ஊசி போட்டால் ஆயிரம் நோயாளிகளுக்கு 65 உயிர்களும், இரண்டாம் மணி நேரத்தில் போட்டால் 37 உயிர்களும், மூன்றாம் மணி நேரத்தில் போட்டால் 26 உயிர்களும் கூடுதலாகப் பிழைக்கின்றன என்று தெரிந்தது. சிகிச்சை ஒன்றுதான். முதல் மணி நேரத்தில் அது காப்பாற்றியதில் ஏறத்தாழ பாதியளவுதான் அடுத்த மணி நேரத்தில் காப்பாற்ற முடிகிறது.

இந்தக் கணக்கோடு உங்கள் வீட்டுக் காலைப்பொழுதுக்கு வருவோம். 4 மணி முதல் 6.30 வரை ஓமத் தண்ணீரும் முதுகு நீவுதலும் நடந்தன. இதை நான் உங்கள் அறியாமை என்று சொல்லமாட்டேன். மாரடைப்பின் அழுத்தம் மேல்வயிற்றிலும், ஏப்பம் வராத உணர்விலும், குமட்டலிலும் தொடங்குவது மிகச் சாதாரணம். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்புகளின் உணர்வு மழுங்கியிருப்பதால் வலி குறைவாகவும், வியர்வையும் மூச்சிரைப்பும் சோர்வும் அதிகமாகவும் இருக்கும். அதோடு, சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூர்ப் பக்கத்தில் யாருக்கு வியர்க்கவில்லை? வெயில் காலத்தில் வியர்வை ஓர் அறிகுறி என்றே நம் மக்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் விடியற்காலை 4 மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே, உடம்பு சில்லிட்டுப் போய் வியர்வை கொட்டினால் அது வெயில் வியர்வை அல்ல. தொப்புளுக்கும் தாடைக்கும் இடையில் எங்கேயாவது, ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடியாமல் உள்ளங்கையை வைத்துக் காட்டும்படியான அழுத்தமோ எரிச்சலோ வந்து, ஓய்வாக உட்கார்ந்தும் 10 முதல் 15 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், வாயு என்ற பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். வாயுவாகவே இருந்துவிட்டால் ஓர் ஈ.சி.ஜி. செலவோடு போயிற்று.

இந்தியா முழுவதும் நிலைமை இதுதான். நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனைக்கு வந்து சேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். அதாவது பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வந்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு என்று பெயர் சொல்லப்பட்டதும் சரியாக ஆறாவது மணி நேரத்தில்தான். நீங்கள் மட்டும் தனியாக ஏதோ தவறிவிட்டதாக எண்ணி உருக வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்த மூன்றரை மணி நேரம்தான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது. ஏனென்றால் அப்போது நீங்கள் உதவி தேடி வெளியே வந்துவிட்டீர்கள். நடுத்தர வயதில், சர்க்கரையோடு, நெஞ்சு அழுத்துகிறது என்று வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் கேஸ் ஊசி போட்டு அனுப்பியது மருத்துவத் துறையின் தவறு. குடும்பத்தின் தவறு அல்ல. நெஞ்சுவலியோடு வருபவருக்கு, முதல் மருத்துவரைச் சந்தித்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதே எங்களுக்குள்ள விதி. ஈ.சி.ஜி. கருவி இல்லாத இடம் என்றால், இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்பியிருக்க வேண்டும். கேஸ் ஊசிக்கு வலி குறைந்தது என்பதால் அது இதய வலி அல்ல என்று ஆகிவிடாது. உறைவு சற்றே விலகி ரத்தம் கசிந்தாலும் வலி குறையும். வலியைச் சொல்ல வேண்டிய தசையே செத்துவிட்டாலும் வலி குறையும். இதை நான் புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. பயிற்சி முடித்த புதிதில், ஓர் இரவுப் பணியில், மேல்வயிறு எரிகிறது என்று வந்த ஒருவருக்கு நானும் அதே ஊசியைப் போட்டு, "காலையில் வாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறேன். காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை, தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவே எந்த வலி என்று வந்தாலும் ஈ.சி.ஜி. தாளைக் கையில் வாங்காமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்து வலியும் தொடர்ந்தால், 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்; முதல் தாளில் மாற்றம் தெரியாத மாரடைப்புகள் உண்டு. மாறாக, ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால், டிரோபோனின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. டிரோபோனின் என்பது இதயத் தசை சேதமடையும்போது கசியும் புரதம்; அது ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகலாம்.

இனி உங்கள் மாமாவின் முடிவு. அடைத்த குழாயைத் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. உறைவைக் கரைக்கும் ஊசி ஒன்று; பலூனால் திறந்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிதான் மேலானது. குழாயை அது உறுதியாகத் திறக்கும், மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் அதில் குறைவு. ஊசி போடுபவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அந்தக் கசிவு நேரலாம். ஆனால் மாரடைப்பு உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க முடியாது என்று தெரிந்தால், தகுதியுள்ள நோயாளிக்கு இருக்கிற இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே உலக அளவில் ஏற்கப்பட்ட முறை. உங்கள் ஊரிலிருந்து வேலூர் 30 கி.மீ.க்கு மேல். வண்டி பிடித்து, வந்து சேர்ந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத் லேப் தயாராகி, குழாய் திறக்க உங்களுக்கு ஆனது 170 நிமிடம். ஆகவே ஊர் மருத்துவர் சொன்னதுதான் சரியான யோசனை.

அப்படியானால் மாமா செய்தது தவறா என்றால், என் நேர்மையான பதில் இது: அந்த ஊசியை ஏற்றிருக்க வேண்டும், ஆனால் அப்பாவின் இன்றைய நிலைக்கு அந்த மறுப்புதான் காரணம் என்று சொல்ல முடியாது. உறைவு புதிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் ஊசி நன்றாகக் கரைக்கும். நேரம் ஏற ஏற உறைவு இறுகிவிடும். ஆறு மணி நேரம் ஆன உறைவில் அந்த ஊசி குழாயைத் திறந்திருக்கலாம், திறக்காமலும் போயிருக்கலாம். திறந்திருந்தாலும், கடைமடை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. காலை 5 மணிக்கு இதே மறுப்பு நடந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் அம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். மைத்துனரின் உயிருக்கு ஆபத்து என்றதும், தன்னால் முடிந்த மிகப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று துடித்தவரை, அந்தத் துடிப்புக்காகவே வீட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பது நியாயம் அல்ல.

நம் வேலூர் மாவட்டத்துக்கே உள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) நம் ஊரில் இருப்பதால், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்கூட ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. பெரிய மருத்துவம் கையருகே இருக்கும் ஊரில், "எதுவானாலும் வேலூருக்குப் போய்விடுவோம்" என்பது மக்களின் இயல்பான முதல் எண்ணம். புற்றுநோய்க்கோ சிறுநீரகத்துக்கோ அந்த எண்ணம் பெரும்பாலும் நல்லதே செய்யும். மாரடைப்பில் மட்டும், ஒடுகத்தூரில் இருப்பவருக்கும் பேரணாம்பட்டில் இருப்பவருக்கும், ஜவ்வாது மலைமேல் இருந்து இறங்கி வருபவருக்கும், முதலில் வேண்டியது பெரிய மருத்துவமனை அல்ல. மிக அருகில் உள்ள ஈ.சி.ஜி. பெட்டி. ஊசி முதலில், வேலூர் அடுத்து என்ற வரிசையில் போனால் இரண்டும் கிடைக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வலி வந்த 3 மணி நேரத்துக்குள் வந்தும் ஒரு மணி நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாத 1,892 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஊசி போட்டுப் பிறகு ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள், மறு பிரிவை நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பினார்கள். மரணம், அதிர்ச்சி நிலை (ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிவது), இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதத்தில் முதல் பிரிவில் 12.4 விழுக்காடு, இரண்டாவதில் 14.3 விழுக்காடு. ஆக, ஊசி பிரிவு சற்றும் பின்தங்கவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மையங்களோடு இணைத்து ஈ.சி.ஜி., ஊசி, ஆம்புலன்ஸ், மறுநாள் ஆஞ்சியோ என்று ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

உங்கள் பக்கத்துத் தெருக்காரருக்கு நடந்ததும் இந்த வரிசைதான். ஊசி போட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை; 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பால் மேலெழும்பிய கோடு பாதிக்குமேல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இறங்கியிருந்தாலும் ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ செய்துவிட வேண்டும். அவருக்கு இவை எல்லாம் நேரத்தில் நடந்திருக்கின்றன. ஆனாலும் அவரையும் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசம் முழுவதும் நேரத்தால்தான் வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். குழாயின் எந்த இடத்தில் அடைப்பு விழுந்தது, பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை வழியாகக் கொஞ்சமாவது ரத்தம் வந்துகொண்டிருந்ததா, உறைவு விட்டு விட்டு அடைத்ததா, சர்க்கரை எவ்வளவு ஆண்டுகளாக உள்ளது என்பவை எல்லாம் இழப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நேரத்தோடு போயிருந்தால் அப்பா முழுவதும் பழையபடி இருந்திருப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இன்றைய 35ஐவிட நல்ல எண்ணோடு இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று மட்டும் சொல்ல முடியும்.

வேலூர் மருத்துவமனைக்குள் ஆன 65 நிமிடத்தைப் பற்றி ஒரே சொல்: வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் வரை 90 நிமிடத்துக்குள் என்பது எங்கள் இலக்கு, அதற்குள் முடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 97,000 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. அங்குள்ள மருத்துவமனைகள் இந்த நேரத்தின் நடுமதிப்பை நான்கே ஆண்டுகளில் 83 நிமிடத்திலிருந்து 67 ஆகக் குறைத்திருந்தன. ஆனால் மருத்துவமனைக்குள் இறப்பவர்களின் விகிதம் அதற்கேற்பக் குறையவில்லை. நாங்கள் உள்ளே எவ்வளவு ஓடினாலும், வாசலுக்கு வெளியே போன மணி நேரங்களை ஈடுகட்ட முடிவதில்லை என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது அப்பாவைப் பற்றி. 35 என்பது இறுதி எண் அல்ல. நீண்ட நேரம் ரத்தமின்றித் தவித்த தசையில் ஒரு பகுதி சாகாமல் மயங்கிக் கிடக்கும். குழாய் திறந்தபின் அது விழித்து வேலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் முடிந்தபின் எடுக்கும் எக்கோவைத்தான் (இதய ஸ்கேன்) நம்ப வேண்டும். அதுவரை மருந்துகள் செய்யும் வேலை பெரிது. பீட்டா பிளாக்கர் மாத்திரை, ரத்தக்குழாயைத் தளர்த்தும் ராமிப்ரில் வகை அல்லது சாகுபிட்ரில் கலந்த மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் வகை, சர்க்கரைக்காக வந்து இப்போது இதயத்துக்கும் கைகொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகிய நான்கும் பலவீனமான இதயத்தின் ஆயுளைக் கூட்டுபவை என்று நிறுவப்பட்டவை. அப்பாவின் சீட்டில் இவற்றில் எவை உள்ளன, இல்லாதவை ஏன் இல்லை என்று அடுத்த முறை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; ரத்த அழுத்தமோ சிறுநீரகமோ இடம் தராததால் அவர் நிறுத்திவைத்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த இரண்டு மாத்திரைகளை மட்டும், பல் பிடுங்கவோ வேறு காரணத்துக்கோ யார் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. வழக்கமாக ஓராண்டுக்கு இரண்டும் தேவைப்படும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் எண் 35க்கு மேல் ஏறவில்லை என்றால், திடீர் துடிப்புக் கோளாறிலிருந்து காக்கும் ஐ.சி.டி. கருவி தேவையா என்ற பேச்சு வரும். அப்போது பயந்துவிடாதீர்கள், அது காவல் கருவி.

உங்கள் வீட்டில் மறுபடி யாருக்காவது இப்படி வந்தால் என்ன செய்வது என்பதற்கு, இன்றே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில், இரவிலும் ஈ.சி.ஜி. எடுத்து உறைவு கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனை எது என்று நேரில் போய்க் கேட்டு, அதன் எண்ணை எல்லோர் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். அறிகுறி வந்ததும் 108ஐ அழையுங்கள். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் பலர் இறப்பது பம்பிங் குறைந்து அல்ல. இதயம் துடிப்பை விட்டு நடுங்கத் தொடங்கிவிடுவதால். அதை நிறுத்தும் மின்னதிர்ச்சிக் கருவி ஆம்புலன்ஸில் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகும் பைக்கில் இருக்காது. வண்டி வர வெகுநேரம் ஆகும் என்று தெரிந்தால் மட்டும், கிடைக்கும் காரில் மிக அருகிலுள்ள இடத்துக்குப் போங்கள். நோயாளி நடக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். 1988இல் 17,000க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார மரணத்தை 23 விழுக்காடு குறைத்தது. 2023 முதல் தமிழ்நாட்டில் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் அளவைக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட்டை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவரை அது மயக்கத்தில் தள்ளிவிடும். பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். நினைவிழந்து மூச்சும் நின்றால், நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள்.

அம்மாவைப் பற்றியும் ஒரு சொல். கணவருக்கு வந்ததைப் பார்த்துவிட்ட பெண்கள்கூடத் தமக்கு வரும்போது, சோறு வடித்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு நெஞ்சுவலியைவிட மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத களைப்பு ஆகியவை முன்னே நிற்கலாம். அவருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செலவைப் பற்றிய தயக்கம் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா, குடும்பத்தார் பெயர் அனைத்தும் அதில் உள்ளதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அட்டையைத் தேடுவதும் நேரம்தான்.

மூன்று மாத எக்கோவுக்குப் போகும்போது, ஊர் மருத்துவமனையில் 10 மணிக்கு எடுத்த அந்த முதல் ஈ.சி.ஜி. தாளையும் கொண்டுபோங்கள், பிறகு எடுக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் பார்ப்பார். அந்தத் தாளில் அச்சாகும் கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும். இந்த வாரமே நகல் எடுத்து, ஒரு படத்தை உங்கள் கைப்பேசியிலும் இன்னொன்றை மாமாவின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.